வரத்துக்கால் வேலைக்கு இளவட்டங்களை எப்படி நிலையா நிறுத்துறது?

பேரையூர்ப்பக்கம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பேரையூர் தாலுகாவுல மானாவாரிக் கண்மாயை நம்பியிருக்குற ஊரு. 240 தலைக்கட்டு, அதாவது குடும்பம். ஓடையில பிரியுற இடத்துல இருந்து கண்மாய் வரைக்கும் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் 1.2 கிலோமீட்டர். எட்டடி அகலம் இருந்தது இப்ப மூணடியும் இல்ல, பூரா சீமைக்கருவேலம். நடுவுல தார்ரோட்டுக்கு அடியில போற குழாய்ப்பாலமும் பாதிக்கு மேல மண்ணடைஞ்சு கெடக்கு.

இளைஞர் வாட்ஸப் குழுவுல 62 பேர் இருக்காங்க. பொங்கலுக்கும் ஊர்க்கோயில் பொங்கச்சாட்டுக்கும் அம்பது பேர் தட்டாம நிக்குறாங்க. வரத்துக்கால் வேலைக்கு முதல் ஞாயிறு 34 பேர், ரெண்டாவது ஞாயிறு 15, மூணாவது 6. இப்ப ஆவணி, ஐப்பசி மழைக்கு ரெண்டு மாசம் கூட இல்ல.

நாலு விஷயம் தெரியணும். ஆள் ஏன் இப்படிக் கரையுது, வேலையை எப்படிப் பிரிச்சா நிப்பாங்க? யார்கிட்ட அனுமதி வாங்கணும்? பணத்தை எப்படி வச்சுக்கணும்? சங்கமாப் பதிவு பண்ணுனா உதவுமா?

---

மடைவாய் எழுதியது:

தம்பி, ஆளுக மேல குறை இல்ல. கணக்குப் போடாம எறங்குனதுதான் குறை. இப்பப் போட்டுப் பாருங்க.

நீளம் 1200 மீட்டர், அகலம் எட்டடின்னா 2.4 மீட்டர், ஒன்றரை அடி மண் எடுக்கணும்னு வச்சா 0.45 மீட்டர். பெருக்குனா ஏறத்தாழ 1,300 கன மீட்டர். மண்வெட்டி பழகாத பையன் காலையில ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் வெட்டி, சட்டியில அள்ளிக் கரையேத்துனா அரைக் கன மீட்டர் எடுப்பான். அதுவே நல்ல உழைப்பு. அப்ப மொத்தம் 2,600 ஆளோட காலை வேலை. முப்பது பேர் தவறாம வந்தாலும் 87 ஞாயிறு, ஒன்றரை வருஷத்துக்கு மேல. இதை யாரும் தாள்ல எழுதிப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா மூணாவது வாரம் திரும்பிப் பார்க்குறப்ப முப்பது மீட்டர் கூடத் தாண்டலைங்குறது அவனவன் கண்ணுக்கே தெரியும். முடியாத வேலைக்கு மனுஷன் திரும்ப வரமாட்டான்.

அதனால நீள வேலையை ஜேசிபிக்கு விடுங்க. முள் நிறைஞ்ச வரத்துக்கால்ல மணிக்கு 20, 25 கன மீட்டர்னு வச்சா அம்பதுல இருந்து அறுபத்தஞ்சு மணி நேரம். மணி வாடகையை உங்க பக்கத்துல விசாரிச்சுப் பெருக்கிக்கங்க. காசு அவ்வளவு இல்லைன்னா அகலத்தை இந்த வருஷம் நாலடியா வச்சு முழு நீளத்தையும் முடிங்க. எட்டடி அகலத்துல பாதி தூரம் வெட்டுறதை விட, நாலடியில கண்மாய் வரைக்கும் வெட்டுறதுதான் தண்ணியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மனுஷக் கை எங்க வேணும்னா, மிஷின் நுழையாத இடத்துல: ஓடையில தண்ணி பிரியுற வாய், குழாய்ப்பாலம், கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திறந்து விடுற மடை வாய், மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்குக்கு முன்னாடி சேர்ந்த மண். நாலு இடம், நாலு ஞாயிறு. ஒவ்வொரு இடமும் அன்னைக்கே முடியணும். முடிஞ்சதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போறவன் அடுத்த வாரம் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வருவான்.

குழாய்ப்பாலத்துக்குள்ள யாரையும் நுழைய விடாதீங்க. பாம்பு இருக்கும், மூச்சும் முட்டும். பழைய எண்ணெய் டின் ஒண்ணை மேல்மூடி வெட்டி, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டுங்க. மூங்கிலை விட்டு ஒரு கயித்தை அந்தப் பக்கம் எடுத்துட்டா, இங்க நாலு பேர் இழுத்து மண்ணைக் கொட்டணும், அங்க ரெண்டு பேர் வெறும் டின்னைத் திருப்பி இழுக்கணும். காய்ஞ்ச மண்ணு டின்னுல ஏறாது. முதல் நாள் சாயங்காலமே ரெண்டு வாயிலயும் நாலு குடம் தண்ணி ஊத்தி ஊற விட்டுடுங்க.

வெட்டுற திசை முக்கியம். கண்மாய்ப் பக்கம் இருந்து ஓடையைப் பார்த்து மேல ஏறி வெட்டணும். பலபேர் ஓடை வாயில தொடங்குறாங்க. நடுவுல மழை பெஞ்சா, திறந்த வாய் வழியா வந்த தண்ணி வெட்டாத இடத்துல முட்டி யாராவது ஒருத்தர் காட்டுக்குள்ள உடைச்சுட்டுப் போகும். அவரு கடலையும் போச்சு, உங்க மேல இருந்த நல்ல பேரும் போச்சு.

எடுத்த மண்ணை விளிம்புலயே கொட்டுனா முதல் மழையில அப்படியே உள்ள இறங்கிரும். குறைஞ்சது மூணடி தள்ளி, பள்ளத்துப் பக்கக் கரையில போட்டு மிதிச்சு விடுங்க. மேட்டுப் பக்கம் போட்டா காட்டுத் தண்ணி வரத்துக்கால்ல விழ வழியில்லாம நிக்கும்.

சீமைக்கருவேலத்தை அரிவாளால வெட்டுனது வேலையே இல்லைன்னு நினைச்சுக்கங்க. அடித்தூரோட பிடுங்கலைன்னா ஒரு மழைக்கு ஒண்ணுக்கு நாலா துளிர்க்கும். மண்ணுக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் தோண்டி, வேர் பிரியுற கட்டை முழுசா வெளிய வரணும். காய் பழுக்குறதுக்கு முன்ன எடுத்துருங்க. ஆடு தின்னுட்டுப் போற இடமெல்லாம் விதை புழுக்கையோட விழும். அந்த முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சு உள்ளங்காலுக்குப் போயிரும், கெட்டியான ஷூ இல்லாதவனைக் கயிறு பிடிக்குற பக்கம் விடுங்க.

ஊர்ல மடை திறந்து விடுற நீர்பாய்ச்சி குடும்பம் யாராவது இருப்பாங்க. அந்தப் பெரியவரை முதல் நாளே முன்னால நடக்க விட்டு, எங்கெங்க தண்ணி தேங்கும்னு குச்சி ஊனச் சொல்லுங்க. வரைபடத்துல இல்லாதது அவரு கால்ல இருக்கு.

---

சர்வே_நம்பர் எழுதியது:

அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். பல குழுக்கள் உடைவது இங்கேதான்.

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசனத்தில் உள்ள நிலம், 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறையின் வழிவந்த நீர்வளத்துறை. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். மனு கொடுக்கும் அலுவலகமே இதனால் மாறும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு, வரத்துக்கால் எந்தெந்த சர்வே எண்ணில் ஓடைப் புறம்போக்காக இருக்கிறது, வரைபடத்தில் அகலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். "எட்டடி இருந்தது" என்பது ஊர்ப் பேச்சு. அலுவலகத்தில் பேசுவது வரைபடத்து அளவு.

வரப்பை நகர்த்தி வைத்திருப்பவரோடு இளைஞர்கள் நேராக மோதக் கூடாது. தாலுகா சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி மனுப் போடுங்கள், அளந்து கல் நடட்டும். பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றால் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. நடவடிக்கை எடுக்க வேண்டியது அலுவலர். கல் நட்ட பிறகு ஜேசிபி போனால் தகராறு பாதியாகக் குறையும். இதற்கு நாள் பிடிக்கும், இந்த ஐப்பசிக்குள் முடியாது. ஆக, தகராறு இல்லாத நீளத்தை இந்த வருடம் வெட்டுங்கள், தகராறுள்ள துண்டுக்கு இப்போதே மனுவைக் கொடுத்து வையுங்கள்.

சீமைக்கருவேல விறகு குழுவின் சொத்து அல்ல, கண்மாய் யாருடையதோ அவர்களுடையது. ஏலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். "டீச்செலவுக்கு" என்று ஒரு டிராக்டர் விறகை விற்றாலே போதும், ஊர் இரண்டாகிவிடும். கண்மாய்க்குள்ளிருந்து எடுக்கும் வண்டல் மண்ணுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. மண்பாண்டத் தொழிலுக்கு 60. சிட்டாவைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். இளைஞர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஊர் விவசாயிகளுக்கு இந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், மண்வெட்டி பிடிப்பதை விடப் பெரிய உதவி.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் உறுப்பினர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையனுக்கும் ஓட்டு ஊரில் இருந்தால் உரிமை உண்டு. ஊராட்சி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் கூட்டம் செல்ல 100 பேர் வேண்டும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200. உங்கள் 62 பேர் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

உங்களுக்கு அக்டோபர் 2 கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "கண்மாயைத் தூர்வார வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். "இன்ன சர்வே எண்ணில் உள்ள வரத்துக்காலை, இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இத்தனை மீட்டர் நீளத்துக்கு அளந்து, ஆக்கிரமிப்பு அகற்றித் தூர்வார வேண்டும், குழாய்ப்பாலத்தை இளைஞர்கள் ஊதியமின்றிச் சுத்தம் செய்தது இந்தச் சபைக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். கடைசி வரி அவசியம். நீங்கள் இலவசமாக வெட்டிய அதே துண்டு வேறு ஒரு திட்டத்தில் வேலையாக எழுதப்பட்டுப் பணம் எடுக்கப்பட்டால், அடுத்த முறை ஒரு பையனும் வரமாட்டான். வேலைக்கு முன்னும் பின்னும் இடமும் தேதியும் பதியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் நோட்டில் எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் பழக்கம், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

கிராம சபையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மேலூர்ப் பக்கம் பதில் இருக்கிறது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தெருவில் நின்றதும் சேர்ந்துதான் அது நடந்தது, ஆனால் கையில் காட்ட எழுத்து இருந்தது.

---

வைகைக்கரை அக்கா எழுதியது:

தம்பி, உங்க 62 பேர்ல பொம்பளப் பிள்ளைக எத்தனை பேருன்னு நீங்க எழுதவே இல்ல. எழுதாததுலயே விடை தெரியுது. "இளைஞர் குழு"ன்னு பேர் வச்சா வீட்டுல அது பையங்க குழுன்னுதான் நினைப்பாங்க, பிள்ளையை அனுப்ப மாட்டாங்க. ஊர்ல இருக்குற படிச்ச இளவட்டத்துல பாதியை வெளிய நிறுத்திட்டு ஆள் பத்தலைன்னு சொல்லக்கூடாது.

ஞாயிறு காலை ஆறு மணி அவங்களுக்கு ஆகாத நேரம். தண்ணி வர்றதும் சமையலும் அப்பத்தான். சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சரைன்னு வைங்க, மகளிர் குழுவுல இருக்குற ரெண்டு அக்காமாரை உடன் வரச் சொல்லுங்க, பெத்தவங்க மறுக்க மாட்டாங்க. வேலையும் ஒப்புக்குக் குடுக்காதீங்க. அளவு எடுத்து நோட்டுல ஏத்துறது, மனு எழுதுறது, கரையில பனை விதை ஊனுறது, எல்லாமே பொறுப்பான வேலை. கஞ்சி காய்ச்சுறதை மட்டும் அவங்க தலையில கட்டுனா ரெண்டாவது வாரம் வர மாட்டாங்க.

பனை விதையைப் பத்தி ஒரு விஷயம். ஆவணி, புரட்டாசியில விழுற பழத்தோட கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன்னாடி ஊனணும். வெளிக்கரைச் சரிவுல, பத்தடிக்கு ஒண்ணு, ஒரு அடி ஆழக் குழி. மடைக்கும் கலுங்குக்கும் பக்கத்துல வேண்டாம். முதல்ல வேர்தான் கீழ இறங்கும், ஓலை வெளிய வர மாசக்கணக்காகும். ஒரு மாசம் கழிச்சு "முளைச்சிருக்கா"ன்னு தோண்டிப் பார்த்தா அத்தோட முடிஞ்சது. தைப்பொங்கலுக்குக் கிழங்கு எடுக்க வர்ற பிள்ளைகளும் கரையைத்தான் தோண்டும். அதுக்குத் தனியா ஒரு மூலையில நூறு கொட்டையைக் கிழங்குக்குன்னே மேடு கட்டிப் புதைச்சு விட்டுருங்க, கரை தப்பிச்சுக்கும்.

இன்னொண்ணும் மனசுவிட்டுச் சொல்லணும். குழு ஒரே தெருப் பிள்ளைகளா இருந்தா ஊரே அதை அந்தத் தெரு வேலையாத்தான் பார்க்கும். 34 பேர் 15 ஆனப்ப எந்தத் தெரு நின்னுச்சுன்னு எண்ணிப் பாருங்க. காலனிப் பிள்ளைகளை மண்ணள்ள மட்டும் கூப்பிட்டுட்டு, பேச்சு வர்றப்ப மந்தையில நாலு பெரியவங்க முடிவெடுத்தா அவங்க எதுக்கு வரணும்? கூட்டத்தைக் கோயில் வாசல்லயோ ஒருத்தர் வீட்டுத் திண்ணையிலயோ வைக்காதீங்க. பள்ளிக்கூட மைதானம், நூலகம், எல்லாரும் தயங்காம காலெடுத்து வைக்குற இடமாப் பார்த்து வைங்க. டீ ஒரே கேன்ல, ஒரே மாதிரி கிளாஸ்ல. தெருவுக்கு ரெண்டு பேர்னு பொறுப்புக் குழு போட்டு, இந்த வாரம் எந்த இடம்னு அவங்க முடிவெடுக்கட்டும். பெரியவங்க ஆலோசனை சொல்லலாம், ஆனா முடிவு வேலை செய்யுறவங்க கையில இருக்கணும்.

---

சாவடிக்கணக்கு எழுதியது:

பணத்துக்கு வரேன். ஊர் வேலைக்குத் தலைக்கட்டு வரி போடுறது நம்ம பக்கம் பழகுன வழி, அதையே பிடிங்க. 240 தலைக்கட்டுக்கு 500 ரூபாய் வச்சா 1,20,000. முடியாத வீட்டுக்கு ரெண்டு ஆள் வேலையாக் கழிச்சுக்கலாம்னு முதல் கூட்டத்துலயே சொல்லிருங்க. வெளியூர்ல இருக்குறவங்க வேலைக்கு வர முடியாததுக்குப் பதிலா ஜேசிபிக்கு ஒரு மணி, ரெண்டு மணின்னு ஏத்துக்கட்டும். "நன்கொடை அனுப்புங்க"ன்னா யோசிப்பாங்க, "ஓடை வாயில இருந்து பாலம் வரைக்கும் ஒரு மணி நேரம் உங்க பேர்ல"ன்னா அன்னைக்கே அனுப்புவாங்க.

தனி ஆளோட ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய் கூட வாங்காதீங்க. அந்தப் பையன் யோக்கியனாவே இருப்பான், ஆனா அவன் சொந்தப் பணமும் ஊர்ப் பணமும் ஒரே கணக்குல கலந்துட்டா மூணாவது மாசம் அவனாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. நல்ல பிள்ளைகளுக்குக் கெட்ட பேர் இப்படித்தான் வருது. மூணு பேர் பேர்ல கூட்டுக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாத்தான் எடுக்கலாம்னு பேங்க்ல எழுதிக் குடுங்க.

வரவு செலவை சாவடிச் சுவத்துல ஒட்டுங்க. வாட்ஸப்புல போட்டது மேல போயிரும், சுவத்துல இருக்குறதை டீ குடிக்க வர்ற தாத்தாவும் படிப்பாரு. ஜேசிபிக்கு மணி எழுதுறப்ப மீட்டர் தொடக்கம், முடிவு ரெண்டையும் போன்ல படம் பிடிச்சு, டிரைவர் கையெழுத்தோட அன்னைக்கே சீட்டு வாங்கணும். டீசல் ஊத்தப் போன நேரம், ஹோஸ் அந்து நின்ன நேரம் எல்லாம் மணிக்கணக்குல சேர்ந்துடக் கூடாது.

பதிவு பண்ணலாமான்னு கேட்டீங்க. 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் இருந்தாப் போதும், மாவட்டப் பதிவாளர்கிட்ட பதியலாம். ஆனா இந்த மழைக்கு முன்னாடி அதுல எறங்காதீங்க. யாரு தலைவர், யாரு செயலாளர்னு பேச ஆரம்பிச்சா புரட்டாசி அதுலயே போயிரும். அதோட ஆண்டுக் கணக்கு, பொதுக்குழுன்னு வருஷா வருஷம் தாக்கல் பண்ணணும், விட்டுட்டா பின்னால அதைச் சரி பண்ணுறதே ஒரு வேலை. ஒரு வேலை முடியட்டும், ஒரு கணக்கு மந்தையில வாசிக்கப்படட்டும். தைப்பொங்கலுக்கு எல்லாரும் ஊர்ல இருப்பாங்க, அப்ப கணக்கை வாசிச்சுட்டுப் பதிவைப் பத்திப் பேசலாம்.

---

பேரையூர்ப்பக்கம் எழுதியது:

ரொம்ப நன்றி. 87 ஞாயிறுன்னு படிச்சதும் குழுவுல அப்படியே போட்டேன், "அப்ப பாலத்தை இந்த ஞாயிறே முடிப்போம்"னு 19 பேர் பதில் போட்டுருக்காங்க. பொம்பளப் பிள்ளைக விஷயம் அக்கா சொன்னது சரி, குழுவுல நாலு பேர்தான். சாயங்கால வேலைக்கு இன்னைக்கே பேசுறேன்.

மடைவாய் அண்ணே, ஒரு சந்தேகம். ஜேசிபி டிரைவர் கண்ணளவுல வெட்டுனா சரிவு ஒழுங்கா வருமா? பக்கத்து ஊர்ல வெட்டுன வரத்துக்கால்ல நடுவுல குண்டு விழுந்து தண்ணி தேங்குது.

---

மடைவாய் எழுதியது:

கண்ணளவுல வராது. கொத்தனார் வச்சிருக்குற டியூப் லெவல், தண்ணி நிரப்புன டியூப்பால மட்டம் பார்க்குறது, அது போதும். உள்ள தண்ணி தெரியுற அரை இஞ்ச் பிளாஸ்டிக் டியூப் 15 மீட்டர் வாங்குங்க. வாளியில ஒரு முனையைப் போட்டு மறுமுனையில வாய் வச்சு உறிஞ்சி நிரப்புங்க, குடத்துல இருந்து ஊத்துனா காத்துக் குமிழி ஏறும். ஒரே ஒரு குமிழி இருந்தாலும் அளவு தப்பு, டியூப்பை விரலால சுண்டிக்கிட்டே போய் வெளியேத்துங்க. பார்க்குறப்ப ரெண்டு முனையிலயும் கட்டைவிரலை எடுத்திருக்கணும், ஒருத்தர் மூடியிருந்தா தண்ணி சமமாகாது.

பத்து மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடிங்க, முளைக்கு முளை ஒரு சென்டிமீட்டர் இறக்கம், அதாவது ஆயிரத்துக்கு ஒண்ணு. 120 முளை வரும். ஓடை வாயையும் வரத்துக்கால் கண்மாயில சேருற இடத்தையும் முதல்ல அளந்து, மொத்தம் 1.2 மீட்டர் இறக்கம் கிடைக்குதான்னு பாருங்க. அதுக்குக் குறைவாக் கிடைச்சா 120-ஆல வகுத்து வர்றதை முளைக்கு முளை வச்சுக்கங்க. முளைத் தலையில சுண்ணாம்பு தடவி நம்பர் போடுங்க, நோட்டுலயும் அதே நம்பர்.

மிஷின் ஓடுறப்ப ரெண்டு பேர் முன்னால நின்னு ஒவ்வொரு முளையிலயும் ஆழத்தைக் குச்சி வச்சு அளந்து டிரைவருக்குக் கை காட்டணும். பக்கெட் சுத்துற வட்டத்துக்கு வெளிய, டிரைவர் கண்ணுல படுற இடத்துல நிக்கச் சொல்லுங்க. குண்டு விழுந்துட்டா கையில கிடைச்ச வேர்க்கட்டையைப் போட்டு மூடாதீங்க, அது மக்குனதும் திரும்ப இறங்கும். நல்ல செம்மண்ணைப் போட்டு, தண்ணி தெளிச்சு, அரையடிக்கு ஒரு தரம் திமிசுக் கட்டையால இடிச்சு ஏத்துங்க.